ஹலால் முதலீடு என்று சொன்னால் போதுமா? நிதி நிறுவனங்களும் அவற்றைக் கண்காணிக்கும் சட்டமும்

 

சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பிறகு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு சகோதரி தம் தாயாருடன் வந்தார். அவருடைய கணவர் சவூதியில் வேலை பார்த்த இடத்திலேயே வஃபாத்தானவர். இத்தா முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கம்பெனி கொடுத்த பணிக்கொடையும் கணவரின் சேமிப்பும் சேர்த்து 12 லட்சம் ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. வீட்டில் மூன்று சிறு பிள்ளைகள்.

உறவினர் ஒருவர் ஒரு நிறுவனத்தைச் சொல்லியிருக்கிறார். "வட்டி கிடையாது, லாபத்தில் பங்கு. 12 லட்சம் போட்டால் மாதம் 30,000 ரூபாய் வீடு தேடி வரும். முழுக்க ஹலால்" என்பது அவர் சொன்னது. அந்தச் சகோதரி கையோடு ஒரு சான்றிதழின் நகலையும் கொண்டு வந்திருந்தார். "காக்கா, இது ரிசர்வ் வங்கி கொடுத்த பதிவுதானே? இது இருந்தா பயமில்லைன்னு சொல்றாங்க" என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன். அது ரிசர்வ் வங்கியின் சான்றிதழ் அல்ல. கம்பெனிப் பதிவாளர் கொடுத்தது. அரசு முத்திரை இருந்தது, நீண்ட எண் இருந்தது. ஆனால் பொதுமக்களிடம் பணம் வாங்கலாம் என்று அதில் ஒரு வரி கூட இல்லை. துணிக்கடை நடத்துவதற்குக் கம்பெனி ஆரம்பித்தாலும் இதே சான்றிதழ்தான் கிடைக்கும்.

"பதிவு செய்த கம்பெனி" என்ற ஒரே சொல்லை நம்பிப் பணம் கொடுப்பவர்கள் நம்மில் பலர். எந்தப் பதிவு, யாரிடம் பதிவு, அந்தப் பதிவு எதற்கு அனுமதி தருகிறது என்று கேட்பதில்லை. இந்த விவரங்கள் தெரிந்திருந்தால் பல குடும்பங்களின் பணம் தப்பியிருக்கும். எனவே இந்த மாதம், பெரிய நிதி நிறுவனங்களை அரசு எப்படிக் கண்காணிக்கிறது, அந்தச் சட்டம் நம்மை எதுவரை காப்பாற்றும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை எளிமையாக எழுதுகிறேன். வட்டியைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பேசுவது நாட்டின் சட்டத்தைப் பற்றி.

வங்கிசாரா நிதி நிறுவனம் என்றால் என்ன?

நகைக்கடன் கொடுக்கும் நிறுவனம், லாரிக்கும் ஆட்டோவுக்கும் கடன் கொடுக்கும் நிறுவனம், வீட்டுக்கடன் நிறுவனம், பெண்கள் குழுக்களுக்கு வாரத் தவணையில் கடன் தரும் நிறுவனம், கைப்பேசிச் செயலி வழியாகக் கடன் கொடுப்பவற்றில் பல ஆகிய எல்லாமே வங்கிசாரா நிதி நிறுவனங்கள். நாட்டில் இப்படிப்பட்ட நிறுவனங்கள் ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரிசர்வ் வங்கியில் பதிவாகியிருக்கின்றன.

பார்ப்பதற்கு வங்கி போலவே கிளை, கவுண்டர், பாஸ்புக் எல்லாம் இருக்கும். ஆனால் மூன்று வேறுபாடுகளை மறக்கக் கூடாது.

முதலாவது, நினைத்த நேரத்தில் எடுத்துக்கொள்ளக்கூடிய சேமிப்புக் கணக்கையும் நடப்புக் கணக்கையும் இவை நடத்த முடியாது. இரண்டாவது, உங்கள் கணக்கின் பேரில் காசோலைப் புத்தகம் தர முடியாது. மூன்றாவதுதான் மிக முக்கியம். வங்கியில் போட்ட பணத்துக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன்பு இது 1 லட்சமாக இருந்தது. வங்கிசாரா நிறுவனத்தில் போட்ட பணத்துக்கு இந்தக் காப்பீடு ஒரு ரூபாய்க்கும் கிடையாது.

இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரியாது. ரிசர்வ் வங்கியில் பதிவான ஒன்பதாயிரம் நிறுவனங்களும் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கலாம் என்று எண்ண வேண்டாம். அந்த அனுமதி இருப்பது ஒரு சில நிறுவனங்களுக்கு மட்டுமே. மற்றவை கடன் கொடுக்கலாம். நம்மிடம் டெபாசிட் வாங்கக் கூடாது.

ஆக, "பதிவு" என்பதில் மூன்று படிகள் இருக்கின்றன. கம்பெனிப் பதிவாளரிடம் பதிவு முதல் படி. ரிசர்வ் வங்கியில் பதிவு இரண்டாம் படி. டெபாசிட் வாங்க அனுமதி மூன்றாம் படி. அந்தச் சகோதரியிடம் காட்டப்பட்டது முதல் படி மட்டும்.

சட்டம் வந்த வழி

ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934-இல் வந்தது. வங்கி அல்லாத நிறுவனங்கள் மக்களிடம் டெபாசிட் வாங்குவதைப் பற்றிய அத்தியாயம் 1960-களில்தான் அதில் சேர்ந்தது. அதுவும் அவ்வளவு வலுவான அதிகாரமாக இல்லை.

1990-களை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனிகள் முளைத்தன. ஆண்டுக்கு 24 சதவீதம், 30 சதவீதம் என்று பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. ஓய்வு பெற்றவர்கள் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கதவை மூடின.

அதன் விளைவாக இரண்டு சட்டங்கள் வந்தன. 1997-இல் மத்திய அரசு ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, ரிசர்வ் வங்கியில் பதிவு பெறாமல் எந்த நிறுவனமும் நிதித் தொழில் செய்யக் கூடாது என்று ஆக்கியது. குறைந்தபட்சச் சொந்த நிதி 25 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. 1999-இல் புதிய நிறுவனங்களுக்கு இது 2 கோடியாகியது. இப்போது 2027 மார்ச்சுக்குள் 10 கோடியை எட்ட வேண்டும் என்று பெரும்பாலான நிறுவனங்களுக்கு விதி இருக்கிறது.

அதே 1997-இல் தமிழ்நாடு அரசு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. பணத்தைத் திருப்பித் தராத நிறுவனத்தின் சொத்தையும் அதன் பொறுப்பாளர்களின் சொத்தையும் முடக்கவும், தனி நீதிமன்றத்தில் வழக்கு நடத்தவும், 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் இந்தச் சட்டத்தில் இடம் உண்டு. இது செல்லும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போதும் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசார் வழக்குப் போடுவது பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் கீழ்தான்.

2018-இல் தெரிந்த ஓட்டை

சிறிய நிறுவனம் விழுந்தால் அதில் பணம் போட்டவர்கள் பாதிக்கப்படுவார்கள். பெரிய நிறுவனம் விழுந்தால் அதன் பெயரையே கேள்விப்படாதவர்களும் பாதிக்கப்படுவார்கள். 2018-இல் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற நிறுவனம் விழுந்தபோது இது நாட்டுக்குப் புரிந்தது.

1987-இல் தொடங்கிய அந்த நிறுவனம் சாலைகள், சுரங்கப் பாதைகள், மின் நிலையங்கள் கட்டுவதற்கு நிதி திரட்டியது. எல்.ஐ.சி., ஸ்டேட் வங்கி போன்றவை அதில் பங்குதாரர்கள். நம் தமிழ்நாட்டில் பரங்கிப்பேட்டைக்கு அருகே இருக்கும் அனல் மின் நிலையம் அந்தக் குழுமம் கட்டியது. முந்நூறுக்கும் மேற்பட்ட துணை நிறுவனங்கள், 90,000 கோடி ரூபாய்க்கும் மேல் கடன். இவ்வளவு இருந்தும் தர நிர்ணய நிறுவனங்கள் அதற்கு மிக உயர்ந்த தரத்தைக் கொடுத்திருந்தன. 2018 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அது தவணைகளைக் கட்டத் தவறியபோதுதான் உண்மை வெளிவந்தது. அதன் கடன் பத்திரங்களை வாங்கியிருந்த பரஸ்பர நிதிகளும், ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதி அறக்கட்டளைகளும் மாட்டிக்கொண்டன. தம் பிடித்தப் பணம் எங்கே முதலீடு செய்யப்பட்டிருக்கிறது என்று அறியாத தொழிலாளியின் பணமும் அதில் இருந்தது.

அப்போது ஒரு ஓட்டை தெரிந்தது. வங்கி ஒன்று தள்ளாடினால் அதன் இயக்குநர் குழுவைக் கலைத்து நிர்வாகத்தை எடுத்துக்கொள்ள ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் இருந்தது. வங்கிசாரா நிறுவனத்தில் அந்த அதிகாரம் இல்லை. மத்திய அரசு கம்பெனிச் சட்டத்தின் கீழ் மும்பையில் உள்ள தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய், 2018 அக்டோபர் 1 அன்று உத்தரவு வாங்கித்தான் இயக்குநர் குழுவை மாற்ற முடிந்தது.

2019-இல் வந்த திருத்தம்

அந்த ஓட்டையை அடைக்கவே 2019-இல் நிதிச் சட்டத்தின் வழியாக ரிசர்வ் வங்கிச் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. அதில் நாம் அறிந்துகொள்ள வேண்டியவை இவை:

நிறுவனத்தின் இயக்குநர்களை ரிசர்வ் வங்கியே நீக்கலாம். இயக்குநர் குழு முழுவதையும் கலைத்து நிர்வாகி ஒருவரை நியமிக்கலாம். கடமை தவறிய கணக்குத் தணிக்கையாளர்கள் மீது நடவடிக்கை எடுக்கலாம். அந்தக் குழுமத்தின் மற்ற நிறுவனங்களின் கணக்குகளையும் கேட்டு வாங்கலாம். அதுவரை தேசிய வீட்டுவசதி வங்கியிடம் இருந்த வீட்டுக்கடன் நிறுவனங்களின் ஒழுங்குமுறைப் பொறுப்பும் 2019 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியிடம் வந்தது.

மூன்றே மாதத்தில் இந்த அதிகாரத்துக்கு வேலை வந்தது. திவான் ஹவுசிங் ஃபைனான்ஸ் என்ற பெரிய வீட்டுக்கடன் நிறுவனம் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. 2019 நவம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் குழுவைக் கலைத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் முன்னாள் நிர்வாக இயக்குநர் ஆர். சுப்ரமணியகுமார் நிர்வாகியாக நியமிக்கப்பட்டார். 500 கோடிக்கு மேல் சொத்துள்ள வங்கிசாரா நிறுவனங்களைத் திவால் சட்டத்தின் கீழ் கொண்டு செல்லும் விதி அதே வாரத்தில்தான் வந்திருந்தது. அந்த வழியில் சென்ற முதல் நிதி நிறுவனம் இதுதான். பின்னர் 2021-இல் ஸ்ரேய் நிறுவனங்களிலும் ரிலையன்ஸ் கேப்பிடலிலும் இதே அதிகாரம் பயன்பட்டது.

முடிவு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திவான் ஹவுசிங்கிடம் கேட்கப்பட்ட மொத்தப் பாக்கி ஏறத்தாழ 87,000 கோடி ரூபாய். 2021-இல் பிராமல் குழுமம் 34,250 கோடிக்கு அதை எடுத்துக்கொண்டது. அங்கே நிரந்தர வைப்பு போட்டிருந்த பலருக்கு முழுப் பணம் திரும்பவில்லை. அவர்கள் நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கினார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை உறுதி செய்தது.

இதில் நமக்கு உள்ள பாடம்: திவான் ஹவுசிங் டெபாசிட் வாங்க முறையான அனுமதி பெற்றிருந்த நிறுவனம். மூன்று படிகளையும் கடந்த நிறுவனம். அதிலேயே இப்படி நடந்தது. அரசின் கண்காணிப்பு, நிறுவனத்தைத் திருத்தும் கருவி. நம் பணத்துக்கு அது ஜாமீன் அல்ல. ரிசர்வ் வங்கியும் தான் எந்த நிறுவனத்தின் டெபாசிட்டுக்கும் உத்தரவாதம் தரவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. "ரிசர்வ் வங்கி அங்கீகாரம், ஆகவே பணம் பத்திரம்" என்று ஒரு முகவர் சொன்னால் அவர் சொல்வது தவறு.

நான்கு அடுக்கு முறை

2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி இந்த நிறுவனங்களை அளவைப் பொறுத்து நான்கு அடுக்குகளாகப் பிரித்துக் கண்காணிக்கிறது. டெபாசிட் வாங்காத, 1,000 கோடிக்குக் குறைவான சொத்துள்ளவை அடி அடுக்கு. 1,000 கோடிக்கு மேற்பட்டவையும், டெபாசிட் வாங்கும் நிறுவனங்களும் நடு அடுக்கு. நாட்டின் பத்துப் பெரிய நிறுவனங்களும், விழுந்தால் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு விழக்கூடியவை என்று கணிக்கப்படுபவையும் மேல் அடுக்கு. அதற்கும் மேலே உச்சி அடுக்கு ஒன்று உண்டு. அது காலியாக இருப்பதே நல்லது என்று விதியே சொல்கிறது. மிகுந்த ஆபத்து தெரிந்தால் மட்டும் ஒரு நிறுவனம் அங்கே ஏற்றப்படும்.

முதல் மேல் அடுக்குப் பட்டியலில் 16 நிறுவனங்கள் இருந்தன. நம் ஊர்க் கடைவீதியில் பெயர்ப்பலகை தெரியும் முத்தூட் ஃபைனான்ஸ், பஜாஜ் ஃபைனான்ஸ், சென்னையின் சோழமண்டலம் ஆகியவை அதில் உண்டு. அடுக்கு உயர உயர விதிகள் கடுமையாகும். மேல் அடுக்கு நிறுவனங்கள் ஏறத்தாழ வங்கிக்குரிய ஒழுங்குடன் நடக்க வேண்டும்.

டெபாசிட் விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதி பெற்ற வங்கிசாரா நிறுவனம் 12 மாதத்துக்குக் குறையாமலும் 60 மாதத்துக்கு மேற்படாமலும்தான் டெபாசிட் வாங்கலாம். ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் தர முடியாது. பரிசு, தங்க நாணயம் என்று ஆசை காட்டக் கூடாது. இந்த அளவுகோலை அந்தச் சகோதரியிடம் சொல்லப்பட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 12 லட்சத்துக்கு 12.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். அவருக்குச் சொல்லப்பட்டது மாதம் 30,000, ஆண்டுக்கு 3 லட்சத்து 60,000. சட்டம் அனுமதிக்கும் உச்சத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இதற்கு வட்டி என்று பெயர் வைத்தாலும் லாபம் என்று பெயர் வைத்தாலும், எந்தத் தொழில் தவறாமல் மாதந்தோறும் இவ்வளவு தரும் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

கடன் வாங்கியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு

நம் மஹல்லாவில் டெபாசிட் போட்டவர்களைவிடக் கடன் வாங்கியவர்களே அதிகம். கண்காணிப்புச் சட்டம் அவர்களுக்கும் உதவுகிறது.

2024 மார்ச்சில் ஐ.ஐ.எஃப்.எல். ஃபைனான்ஸ் நிறுவனம் புதிய நகைக்கடன் கொடுப்பதை ரிசர்வ் வங்கி நிறுத்தியது. தங்கத்தின் தரத்தையும் எடையையும் மதிப்பிடுவதிலும், ஏலம் விடும் முறையிலும் குறைகள் கண்டதாகச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், அதிக வட்டி விகிதத்தைக் காரணம் காட்டி நான்கு நிறுவனங்கள் புதிய கடன் வழங்கத் தடை விதித்தது. அவற்றில் ஒன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிர்வாத் மைக்ரோ ஃபைனான்ஸ். குறைகளைச் சரிசெய்த பின் சில மாதங்களில் இந்தத் தடைகள் நீக்கப்பட்டன. எனவே "பெரிய கம்பெனியை யார் கேட்பது?" என்று நினைக்க வேண்டாம். கேட்க ஆள் இருக்கிறார்கள்.

குழுக்கடன் வாங்கும் சகோதரிகள் கவனிக்க வேண்டியவை: ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடனுக்கு 2022 முதல் தனி விதிகள் உண்டு. எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை, குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. மிரட்டுவதும், தகாத சொல் பேசுவதும், உறவினரையும் பக்கத்து வீட்டாரையும் தொந்தரவு செய்வதும் விதிமீறல். கடன் கொடுக்கும்போது எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும்.

குறை இருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

வேலிக்கு வெளியே

இதுவரை சொன்னது வேலிக்கு உள்ளே இருக்கும் நிறுவனங்களைப் பற்றி. நம் சமுதாயத்தின் பணம் அதிகம் போனது வேலிக்கு வெளியே.

பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் 2019 ஜூனில் கதவை மூடியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள், பெண்களின் நகை, குமரு காரியத்துக்குச் சேர்த்த பணம், ஓய்வூதியப் பணம். அதை நடத்தியவர் துபாய்க்குப் போய், ஜூலையில் டெல்லிக்குத் திரும்பியபோது கைதானார். அந்த நிறுவனம் பணத்தை டெபாசிட் என்று வாங்கவில்லை. பணம் போட்டவர்களைப் பொறுப்பு வரையறுத்த கூட்டாண்மையில் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டது.

இதில் உள்ள சூழ்ச்சியைப் புரிந்துகொள்ள வேண்டும். சட்டத்தின் பார்வையில், கூட்டாளி போடும் மூலதனம் டெபாசிட் அல்ல. டெபாசிட் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் டெபாசிட் விதிகள் இல்லை. அனுமதி இல்லாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் மத்திய சட்டம் 2019-இல் வந்தது. அதன் கீழ் இப்படிப்பட்ட திட்டத்துக்குப் பணம் வாங்கினால் 2 முதல் 7 ஆண்டு வரை சிறை. தெரிந்தே பொய் சொல்லி ஆள் சேர்ப்பவர்களுக்கும் தண்டனை உண்டு. கமிஷனுக்காக உறவினர்களைச் சேர்த்துவிடும் நம் சகோதரர்கள் இதைக் கவனிக்கட்டும். ஆனால் அந்தச் சட்டமும் கூட்டாளியின் மூலதனத்தை டெபாசிட் என்ற வரையறையிலிருந்து விலக்கியிருக்கிறது. நியாயமான வியாபாரக் கூட்டுகளுக்காக வைத்த வாசல் அது. அதன் வழியாகத் திருடனும் நுழையப் பார்க்கிறான்.

உண்மையான கூட்டையும் போலியையும் பிரித்தறிய மார்க்கமே அளவுகோல் தந்திருக்கிறது. முளாரபா, முஷாரகா எதுவானாலும் முதலுக்கு இத்தனை சதவீதம் என்று நிச்சயித்த லாபம் செல்லாது. லாபத்தில் விகிதம்தான் பேசலாம். நஷ்டம் வந்தால் முதல் போட்டவர் அதை ஏற்க வேண்டும். கணக்கைக் கேட்கும் உரிமை கூட்டாளிக்கு உண்டு. அப்படியிருக்க, "மாதம் தவறாமல் 30,000, முதலுக்கு ஆபத்து இல்லை, கணக்கெல்லாம் கேட்க வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், ஷரீஅத்தின்படி அது கூட்டு அல்ல. சட்டத்தின் அனுமதியும் அதற்கு இல்லை. வட்டி வேண்டாம் என்று ஒதுங்கும் நம் ஈமானிய உணர்வையே சிலர் தம் மூலதனமாக ஆக்கிக்கொள்கிறார்கள்.

"ரிசர்வ் வங்கி அனுமதித்த இஸ்லாமிய வங்கி" என்று யாராவது வந்தாலும் ஏமாற வேண்டாம். இந்தியாவில் இஸ்லாமிய வங்கி தொடங்கும் யோசனையை மேற்கொண்டு தொடர்வதில்லை என்று 2017-இல் ரிசர்வ் வங்கி முடிவெடுத்துவிட்டது.

யார் யாரைக் கண்காணிக்கிறார்கள்?

சீட்டு நடத்துபவர் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநில அரசின் சீட்டுப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். நிதி என்ற பெயரில் இயங்கும் நிறுவனங்கள் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் கீழ் வருபவை. அவை உறுப்பினர்களிடம் மட்டுமே டெபாசிட் வாங்கலாம். பங்கு, பரஸ்பர நிதி, பலரிடம் பணம் திரட்டி நடத்தும் கூட்டு முதலீட்டுத் திட்டம் ஆகியவை செபியின் கீழ். கூட்டுறவுச் சங்கம் என்றால் கூட்டுறவுப் பதிவாளர். இந்த நான்கிலும் சேராமல், ரிசர்வ் வங்கிப் பட்டியலிலும் இல்லாமல், பொதுமக்களிடம் பணம் திரட்டுகிற நிறுவனம் வேலிக்கு வெளியே நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும் முன்

1. எந்தச் சான்றிதழ் என்று பாருங்கள். கம்பெனிப் பதிவு, ஜி.எஸ்.டி. எண், உத்யம் பதிவு எதுவும் மக்களிடம் பணம் வாங்கும் அனுமதி அல்ல.

2. ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் டெபாசிட் வாங்க அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. ரிசர்வ் வங்கி நடத்தும் சச்சேத் தளத்திலும் விசாரிக்கலாம், புகாரும் கொடுக்கலாம். பார்க்கத் தெரியாதவர்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

3. கூட்டாளியாகச் சேர்க்கிறார்களா, கடனாக வாங்குகிறார்களா, டெபாசிட்டா என்று கேளுங்கள். கையெழுத்துப் போடும் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். கடனை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள் என்று சூரா பகராவின் 282-ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. எழுத மறுப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

4. ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக நிறுவனத்தின் கணக்குக்கே அனுப்பி ரசீது வாங்குங்கள்.

5. பள்ளிவாசல் வாசலில் அறிமுகமானவர், தாடி வைத்தவர், ஆலிம் ஒருவருடன் படம் எடுத்துக்கொண்டவர் என்பவை ஆதாரம் ஆகாது.

6. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பொருளாதாரக் குற்றப் பிரிவில் உடனே புகார் கொடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் முடக்குவதற்கு இருக்கும் சொத்து குறையும்.

எங்கள் தவறு

இதையெல்லாம் எழுதும்போது ஒன்றை மறைத்தால் அது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன்பு இதே நல மடலின் பின்னட்டையில் ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தை வெளியிட்டோம். தெரிந்தவர் கொண்டுவந்தார், மதரஸாக் கட்டட நிதிக்கு உதவியாக இருக்கும் என்று வாங்கிக்கொண்டோம். எந்தப் பதிவையும் பார்க்கவில்லை. அந்த நிறுவனம் மூடியபோது நம் மஹல்லாவில் இரண்டு குடும்பங்கள் பணத்தை இழந்தன. "மடலில் வந்ததே என்றுதான் நம்பினோம்" என்று அவர்கள் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து எந்த முதலீட்டு விளம்பரத்தையும் இந்த மடல் ஏற்பதில்லை. இனியும் ஏற்காது.

அந்தச் சகோதரியின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கொண்டுவந்த பெயரை ரிசர்வ் வங்கிப் பட்டியலில் அவர் கண்முன்னே தேடினோம். இல்லை. பிறகு ஹஜ்ரத் ஒரு கேள்வி கேட்டார்: "இந்த 12 லட்சமும் உங்களுடையதா, உம்மா?" கணவர் விட்டுச் சென்ற பொருளில் மனைவிக்கு ஒரு பங்கு, பெற்றோருக்கு ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பெரும்பகுதி எத்தீம்களின் அமானிதம். அதைக் கொண்டுபோய்த் தெரியாத இடத்தில் போட யாருக்கும் உரிமை இல்லை. வாரிசுப் பங்கீடு முடியும் வரை பணம் வங்கியிலேயே இருக்கட்டும், காப்பீட்டு வரம்பை நினைத்து ஒரே வங்கியில் வைக்காமல் பிரித்து வையுங்கள் என்று சொன்னோம். அப்படியே செய்திருக்கிறார். மாதச் செலவுக்குப் பைத்துல்மாலில் இருந்து அறக்கட்டளை உதவுகிறது. வீட்டோடு செய்யக்கூடிய தொழில் ஒன்றைப் பற்றியும் பேசி வருகிறோம்.

அந்த உறவினர் இதனால் என் மீது வருத்தத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவரும் தம் பணத்தை அங்கே போட்டிருக்கிறாராம். அவரும் அலுவலகத்துக்கு வந்தால் அதே பட்டியலை அவருக்கும் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

செயலாளர்